வால்கூறு உன்னிடம்தான் இருக்கிறது

நீ பொய் எழுதியிருக்கிறாய்.

நம் தோட்டப் பள்ளிக்கூடத்து விழா மலரை என் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் பக்கத்தில் உன் படம், மாலையோடு. அதற்குக் கீழே உன் வாழ்த்துரை. அந்தக் காலத்தில் லயத்து மக்களிடம் வாசிப்பு என்ற ஒன்றே இருந்ததில்லை, நாவல் என்ற சொல்லைக்கூட அவர்கள் கேட்டதில்லை, நீ ஒருவன் மட்டும் குப்பி விளக்கு வெளிச்சத்தில் தனியாகக் கிடந்து வாசித்தாய் என்று எழுதியிருக்கிறாய். மலரை மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து இன்னொரு தடவை வாசித்தேன். பொய்தான்.

நீ என்றுதான் எழுதுவேன். பெரிய உத்தியோகம் பார்த்தவன், மேடைக்கு மேடை மாலை விழுகிறவன் என்பதெல்லாம் தெரியும். ஒரே பீலித் தண்ணீரில் குளித்தவனை நீங்கள் என்று எழுத எனக்குக் கை வராது. லுணுகலையிலிருந்து மேலே ஏறினால் நம் தேயிலைத் தோட்டம். அதில் வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்தில் கடைசிக் காம்பரா உங்களுடையது. அதற்கு முந்தினது எங்களுடையது. நடுவில் ஒரு சுவர். உன் அம்மா இருமினால் என் பெண்சாதி இங்கிருந்து "சுடுதண்ணி குடிங்கக்கா" என்பாள்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதா? தெரியும். மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

பதுளையில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடைவீதிக்கு ஏறும்போது ஒரு கடை இருந்தது. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கற்பூரம், சாம்பிராணி, பஞ்சாங்கம், சாமி படம் எல்லாம் முன்னால் இருக்கும். பின்னால் ஒரு சாக்கு. அதற்குள் அட்டை இல்லாத நாவல்கள். மெட்ராஸில் மாதத்துக்கு ஒன்றாக அச்சடித்து விடுகிற துப்பறியும் நாவல்கள் அவை. விற்காமல் கிடப்பதை முழுசாகத் திருப்பி அனுப்பினால் கூலி கட்டாது. அதனால் அட்டையை மட்டும் கிழித்துக் கொழும்பு ஏஜண்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அட்டையோடு சேர்ந்து தலைப்புத் தாளும் போய்விடும். மிச்சம் இருக்கிற உடம்பை முதலாளி சாக்கில் போட்டுவைத்திருப்பார், பருப்பு மடிக்க. அதைத்தான் நான் கேட்டு வாங்கினேன். பேர் தெரியாத புத்தகங்கள். எழுதியவன் யார் என்றும் தெரியாது. கொலை மட்டும் உள்ளே இருக்கும்.

கல்யாணமான புதிதில் என் பெண்சாதியை முதல் தடவையாகப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது வளையலோடு சேர்த்து அப்படி ஒரு புத்தகத்தையும் வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் அவள் மடியில்தான் அது இருந்தது.

"பஞ்சாங்கமா?" என்று கேட்டாள்.

"இல்ல. கொலக் கத."

உடனே எடுத்து என் மடியில் வைத்தாள். "கல்யாணமான வூட்டுக்கு யாராச்சும் கொலய வாங்கிட்டுப் போவாங்களா?" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பசறை தாண்டும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

நான் தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அவளுக்கு எழுத்து தெரியாது. மறு ஞாயிறு குளித்துச் சாப்பிட்ட பிறகு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்தேன். அவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கதையில் ஒரு பெண் சத்தம் கேட்டுத் தனியாக மாடிக்கு ஏறுகிறாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"அவ ஏன் தனியா போறா? வெவரங்கெட்டவ. ஒரு ஆளக் கூப்புட்டுக்கிட்டுப் போனா என்ன?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் உள்ளே உட்காரவில்லை. மாடி என்றால் அவளுக்குத் தெரிந்தது கொழுந்து வாட்டுகிற ஃபேக்டரி மாடி ஒன்றுதான். ஆகவே எந்த நாவலில் எவன் மாடியில் செத்தாலும் அவள் கணக்கில் அவன் எங்கள் ஃபேக்டரியில்தான் செத்தான். நான் வேலைக்குப் போகும்போது, "பாத்துப் போங்க, அந்த மூலைப் பக்கம் போவாதீங்க" என்பாள். சிரிக்காமல் சொல்வாள்.

அவள் கேட்ட கதை மறுநாள் மலைக்கு ஏறியது. கொழுந்து எடுக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு நிரை பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் போவார்கள். இவளுக்கு வலப்பக்கத்து நிரை உன் அம்மா. கை கொழுந்தில், வாய் கதையில். உன் அம்மா கேட்டு அடுத்த நிரைக்குச் சொல்வாள், அவள் அதற்கடுத்த நிரைக்கு. கடைசி நிரைக்குப் போய்ச் சேரும்போது ஒரு கொலை மூன்றாகியிருக்கும். வேலை நடக்கிறதா என்று பார்க்க வந்த கங்காணி முதலில் சத்தம் போட்டார். பிறகு இவள் நிரைக்குப் பின்னால் வந்து நின்றார். பிறகு அவரே கேட்டார்: "அந்த டாக்டர் பய என்னா ஆனான்?"

இப்படித்தான் எல்லோருக்கும் புத்தகம் வேண்டியதாயிற்று. இருப்பது ஒன்று. தீபாவளிக்கு ஆடு அடித்தால் லயத்தில் கூறு போடுவோமே, அதே மாதிரி புத்தகத்தையும் கூறு போட்டோம். தையலைப் பிரித்து ஐந்து கூறாக்கி ஐந்து வீட்டுக்கு. முதல் துண்டு தலைக்கூறு. கடைசித் துண்டு வால்கூறு. நடுவில் மூன்று. ஞாயிற்றுக்கு ஞாயிறு அடுத்த வீட்டுக்குக் கைமாற்ற வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தக் கூறு முதலில் விழும் என்பது அதிர்ஷ்டம். நடுக்கூறு விழுந்தவன், செத்தது யார் என்று தெரியாமலே அழுகிற பெண்டாட்டியைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பான். பீலியடியில் பார்த்தால், "ஒங்க வீட்டுல இன்னும் உசுரோட இருக்காரா?" என்று கேட்பார்கள். வேறு எந்த ஊரில் இப்படி வாசித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் வாசித்தோம்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தோம். வால்கூறு முதலில் விழுந்த வீட்டுக்காரன் வாயைத் திறக்கக் கூடாது. கொன்றவன் யார் என்று தெரிந்துகொண்டும் தெரியாதவன்போல், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். இந்தச் சட்டத்தை உன்னைப்போல் காப்பாற்றியவன் யாரும் இல்லை. அதற்கு வருகிறேன்.

ஐந்து கூறும் சுற்றி முடிந்து திரும்பி வந்ததும் அவள் அடுக்கிவைத்து, சாக்குத் தைக்கிற ஊசியால் மறுபடி தைப்பாள். எழுத்து தெரியாதவள் எப்படி அடுக்குவாள்? கறையைப் பார்த்துத்தான். தேத்தண்ணி சிந்தின பக்கம், மஞ்சள் பட்ட பக்கம் எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு தடவை தவறிவிட்டது. ஒரு புத்தகத்துக்கு இன்னொரு புத்தகத்தின் வாலைத் தைத்துவிட்டாள். போலீஸ் இன்ஸ்பெக்டர் திருடனைத் துரத்திக்கொண்டு ரயிலில் ஏறுகிறார், அடுத்த பக்கத்தில் ஒரு ஜமீந்தார் வீட்டில் கல்யாணம். உன்னை வாசிக்கச் சொல்லி இரண்டாம் தடவை கேட்பதற்காக அதை வாங்கிப்போன உன் அம்மா திருப்பிக் கொண்டுவந்து, "நல்ல வேள, இன்ஸ்பெக்டர் ஐயா வேலய விட்டுட்டு நிம்மதியா இருக்காரு" என்றாள். பிரித்துத் தைக்க வேண்டாம் என்றும் சொன்னாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

எல்லாம் ஒரு தேயிலைப் பெட்டியில். ஃபேக்டரியில் மூலை உடைந்ததென்று ஒதுக்கிய பெட்டி, டீமேக்கரிடம் கேட்டு வாங்கினேன். உள்ளே ஈயத்தாள் இருக்கும், ஈரம் இறங்காது. மழை மாதத்தில் எங்கள் பாய் பூஞ்சணம் பிடிக்கும், துணி பிடிக்கும், புத்தகம் பிடிக்காது. அதைச் சொல்லி அவளுக்குப் பெருமை. இதைச் சேர்த்தவள் அவள்தான். நான் வாங்கினேன், அவ்வளவே.

நீ அப்போது எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நம் லயத்திலிருந்து அந்தப் பரீட்சைவரை போன முதல் ஆள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் கூறு மாற்ற நீதான் முதலில் வந்து நிற்பாய். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத் தேத்தண்ணி குடிப்பாய். மற்றவர்களுக்கு ஒரு கரண்டி வைக்கிறவள் உனக்கு இரண்டு வைப்பாள். படிக்கிற பிள்ளை என்பாள். உனக்குக் குரல் நன்றாக இருந்தது. நான் வாசித்தால் பஞ்சாங்கம் மாதிரி இருக்கும். நீ வாசித்தால் ஆட்கள் கூடுவார்கள். ஒரு கதையில் தூக்குமேடைக்குப் போகிறவனின் அம்மா பேசுகிற இடத்தில் நீ வாசிக்க முடியாமல் தாளைக் கீழே வைத்துவிட்டாய். உன் அம்மா எழுந்து போய் உன் தலையைத் தடவினாள். எத்தனை பேர் பார்த்தோம். நீ தனியாகக் கிடந்து வாசித்தாயாம்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். பேர் தெரியாததால் நாங்கள் நர்ஸ் புத்தகம் என்றோம். பணக்காரக் கிழவர் ஒருவர் விஷத்தில் சாகிறார். பார்த்துக்கொண்ட நர்ஸைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். கிழவரின் தம்பி இருக்கிறான், டாக்டர் இருக்கிறார், சமைக்கிற கோக்கி இருக்கிறான். நர்ஸ் அநாதை. அவள் இந்த ஊர்க்காரிதான், நல்லவள்தான் என்று சொல்ல ஒரு சாட்சி கிடையாது. ஓட்டுரிமையைப் பிடுங்கிவிட்டு, நீ இந்த நாட்டுக்காரன்தான் என்பதற்குச் சாட்சி கொண்டுவா என்று நம் ஆட்களை அரசாங்கக் கச்சேரி வாசலில் நிற்கவைத்திருந்த வருஷங்கள் அவை. நிரையில் அந்த இடத்தைச் சொன்னபோது பெண்கள் கொழுந்தை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்று அவள் வந்து சொன்னாள்.

அந்தப் புத்தகம் கூறாகிக் கைமாற ஆரம்பித்தபோதுதான் அவள் விழுந்தாள். நல்ல மழை, கூடை நிறையக் கொழுந்து, சறுக்கி, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. தோட்டத்து லொறியில் போட்டுப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அசையக் கூடாது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். எதுவும் வேண்டுமா என்று கேட்டால், "நர்ஸ் என்னா ஆனா?" என்றாள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஒரு கூறு கொண்டுபோனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். நாலு கட்டிலில் இருப்பவர்கள் திரும்பிப் படுத்துக் கேட்பார்கள். பக்கத்துக் கட்டிலில் வெலிமடைப் பக்கத்துச் சிங்களப் பெண், உருளைக்கிழங்குத் தோட்டக்காரி. அவளுக்குத் தமிழ் அரைகுறை. கதையை இவளிடம் கையாலும் கண்ணாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு, கோக்கிதான் கொன்றான் என்று முதல் வாரமே முடிவு கட்டிவிட்டாள். இவள் தம்பி என்றாள். நான் டாக்டர் என்றேன். அந்த வார்டு நர்ஸ் ஒரு பிள்ளை, மருந்து கொடுக்க வருகிறவள், கதையைக் கேட்டுவிட்டு, "நர்ஸ் கொல்லமாட்டா, எங்களுக்கு அதுக்கு நேரம் ஏது?" என்றாள்.

அந்தத் தடவை வால்கூறு முதலில் விழுந்தது உங்கள் வீட்டில். நீ அந்த வாரமே வாசித்து முடித்துவிட்டாய். வரிசைப்படி அது அடுத்த வீட்டுக்கு மாறியிருக்க வேண்டும். லயத்தில் பேசி முடிவு செய்தார்கள்: ஆஸ்பத்திரியில் கிடக்கிறவள் முதலில் கேட்கட்டும், அதுவரை யாரும் வால்கூறைத் தொடுவதில்லை என்று. கொலைகாரன் யார் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த ஆட்கள் அப்படிச் சொன்னார்கள். சொன்னதில் முதல் ஆள் உன் அம்மா. அவளுக்கும் நீ வாசித்துக்காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. இவர்களைத்தான் நீ வாசிப்பு தெரியாத மக்கள் என்கிறாய்.

வால்கூறு கொண்டுபோக வேண்டிய வாரம் ஃபேக்டரியில் கொழுந்து மலைபோல் வந்து குவிந்தது. ஞாயிறும் லீவு இல்லை. நீ பதுளையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்துபோவாய். உன்னிடம் சொன்னேன். நீ இஸ்தோப்பில் நின்றுகொண்டு, "நான் பாத்துக்கிறேண்ணே. அண்ணிக்கு நானே வாசிச்சுக் காட்டுறேன்" என்றாய். எனக்குச் சந்தோஷம். கடைசிப் பகுதியை உன் குரலில் கேட்பாளே என்று.

அந்த ஞாயிறு அவள் தலை வாரிக்கொண்டு இருந்திருக்கிறாள். நடக்க முடிந்தவர்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வெலிமடைக்காரியை அன்று காலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவள் போகாமல் புருஷனை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்து ஆட்கள் உள்ளே வந்தார்கள். மணி அடித்து ஆட்கள் வெளியே போனார்கள். நீ வரவில்லை.

மறு வாரம் நான் போனபோது அவள் குறை சொல்லவில்லை. "படிக்கிற புள்ள. நேரம் கெடச்சிருக்காது" என்றாள். நான் லயத்துக்குத் திரும்பி உன் அம்மாவைக் கேட்டேன். "சனிக்கெழமையே கொழும்பு ரயிலேறிட்டானே தம்பி, ஆசிரியர் கலாசாலையில எடம் கெடச்சிருச்சு" என்றாள். காம்பரா முழுக்கத் தேடினாள், பெட்டியைத் தேடினாள், அரிசிப் பானைக்குப் பின்னால்கூடத் தேடினாள். வால்கூறு இல்லை. நீ கொண்டுபோய்விட்டாய். ரயிலில் மறுபடி வாசிக்க எடுத்துப்போனாயோ என்னவோ.

அந்தக் கடைக்குப் போய்க் கதையைச் சொல்லி இன்னொரு பிரதி கேட்டேன். பேர் என்ன என்றார் முதலாளி. தெரியாது, ஒரு கிழவர் விஷம் குடித்துச் சாவார் என்றேன். "எல்லாக் கதையிலயும் கெழவன் சாகத்தானய்யா செய்றான்" என்றார்.

கால் ஒட்டியது, கொஞ்சம் குட்டையாக. அவள் மறுபடி மலைக்குப் போனாள், சரிவு குறைந்த நிரையாகப் பார்த்துக் கங்காணி கொடுத்தார். நிரையில் பெண்கள் நர்ஸ் கதையின் முடிவைக் கேட்டார்கள். "வரும், இருங்க" என்றாள். உன் அம்மா, "எம் மகன் வந்து சொல்லுவான்" என்றாள். வருஷக்கணக்கில் அதையே சொன்னாள். நீ பணம் அனுப்பினாய், இல்லையென்று சொல்லவில்லை. வால்கூறு அனுப்பவில்லை.

நீ வந்தது உன் அம்மா செத்த அன்றைக்கு, காரில், கால்சட்டை போட்டுக்கொண்டு. அன்றைக்கே கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தேன். என் பெண்சாதி என் கையைப் பிடித்தாள். "இன்னைக்கிக் கேக்காதீங்க. அவுக அம்மா கெடக்குது" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். நீ எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாய். அவள் உனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். சீனி இரண்டு கரண்டி. நீ பாதி குடித்துவிட்டு வைத்தாய்.

அந்தத் தேயிலைப் பெட்டி இப்போதும் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நர்ஸ் புத்தகத்துக்கு நாலு கூறுவரை தைத்து வைத்திருக்கிறாள். நூலை முடிச்சுப் போடவில்லை, வெட்டவும் இல்லை. நூலோடு ஊசி அதில் குத்தியபடி இருக்கிறது. துருப் பிடித்தால் ஊசியை மாற்றுவாள். அவளுக்கு இப்போது காது மந்தம். நான் கத்தித்தான் வாசிக்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகும். நாலாம் கூறு முடிந்ததும் நான் வாயை மூடுவேன். அவள், "தம்பிதாங்க. எனக்கு அவம்மேலதான் சந்தேகம்" என்பாள். நான் டாக்டர் என்பேன். எங்கள் சண்டை அது ஒன்றுதான்.

உன் மலரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நாவல் என்ற சொல்லைக்கூடக் கேட்டதில்லை என்ற வரி வந்ததும், "அது நம்மள இல்ல, வேற யாரயோ சொல்றாரு" என்றாள். அவள் இன்னும் உனக்கு இரண்டு கரண்டிதான் வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வைக்கமாட்டேன்.

வால்கூறு தொலைந்துபோயிருக்கலாம். அதற்கு நான் உன்மேல் வழக்குப் போடப் போவதில்லை. வாசித்தது தொலைந்திருக்காது. உன் தலையில் இருக்கிறது. என்னைப்போல் அவளைப்போல் அந்தக் கதையை நீயும் மறந்திருக்கமாட்டாய். வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டத்தை இத்தனை வருஷம் ஒழுங்காகக் காப்பாற்றினாய். அந்தச் சட்டத்தை லயத்தின் சார்பில் நான் இன்றோடு எடுத்துவிடுகிறேன்.

அடுத்த விழாவுக்கு நீ வருவாய், உனக்கு மாலை போடுவார்கள். அவளை நான் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைப்பேன். காரில் வீட்டுக்கு வந்து எங்கள் காதில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே. பொய்யை ஊரறிய எழுதினாய், பதிலையும் ஊரறியச் சொல். மைக்கைப் பிடி. இந்த லயத்தில் வாசித்தார்கள், என் அம்மா கேட்டாள், நான் அவர்கள் நடுவில் உட்கார்ந்து வாசித்தேன் என்று சொல். பிறகு, காது மந்தமானவளுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்: அந்தக் கிழவரைக் கொன்றது யார்?